சாமிப் பூவை முகர்ந்தேன்

இன்று ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் வாசலில், மாலையை வாங்குமுன் முகர்ந்து பார்த்துவிட்டேன்.

சாமிக்குரிய பூவை முகரக்கூடாது. முகர்ந்தால் அது பூசைக்கு ஆகாது. அந்தத் தைரியத்தில்தான் பூக்காரர் பழைய மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்து விற்கிறார். போன வெள்ளிக்கிழமை அம்மாவின் நேர்த்திக்கு இவரிடம் வாங்கிய மாலையை, பழைய பூவென்று ஐயர் ஓரமாக வைத்துவிட்டார். காய்ச்சலோடு நின்ற அம்மா அழுதுவிட்டார்.

"மூக்க வெச்சிட்டியே புள்ள. இனி நீதான் வாங்கணும்," என்றார் பூக்காரர்.

கடைகளில் வாய் திறக்காதவள் நான். இன்று மாலையை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"இது நேத்தே ஆகாமப் போயிட்டுது அண்ணாச்சி. புளிச்ச வாசம் வருது. முருகனுக்கும் மூக்கு இருக்குத்தானே?"

"அஞ்சாம் வகுப்போட நின்னவளுக்கு வாயப் பாரு."

"இதுக்கு மூக்குப் போதும்."

பின்னால் நின்ற பெண் தன் மாலையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதைப் பலகையிலேயே வைத்துவிட்டு நகர்ந்தார்.

எதிர்ப்பக்கத்துப் பூக்கார அக்கா கூடையை என்னிடம் நீட்டினார். "மணந்து பாத்து வாங்கு தங்கச்சி."

அப்படிச் சொன்னவரிடம் முகராமலே வாங்கினேன். ஐயர் அதை முருகனுக்குச் சாத்தினார்.

நான் செய்தது பாவம் என்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் முதலில் உங்கள் வீட்டு மாலையை ஒருமுறை முகர்ந்துவிட்டு வாருங்கள்.