முனிக்கு வந்த நோட்டீஸ்

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு கண்மாய்க்கரையில் முனி கோவில் இருக்கிறது. கரை அரசு நிலம். பதினைந்து நாளில் கோவிலை அகற்ற வேண்டும் என்ற நோட்டீஸோடு கிராம உதவியாளர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். பசையைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். வழியில் போன என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

பூசாரி நோட்டீஸை வாங்கவில்லை.

"நான் வெளக்குப் போடுறவன். ஆக்கிரமிச்சு உக்காந்திருக்கது அவருதான். அவருக்கிட்ட குடுங்க."

"அதுவும் சரித்தான்" என்றார் உதவியாளர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர், கதவின் உள்பக்கத்தில், எழுத்து முனியைப் பார்க்கும்படி நேராக ஒட்டினார்.

"வெளிய ஒட்டணும்ல?" என்று கேட்டேன்.

"நோட்டீஸு ஊருக்கா சார் வந்திருக்கு? இருபத்தாறு வருசமா ஒட்டுறேன். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

வெளியே தெரியாத நோட்டீஸ் செல்லாது என்று கோவில் தரப்பு வக்கீல் வாதாடினார். முறைப்படி மறுபடியும் கொடுங்கள் என்று கோர்ட் சொல்லிவிட்டது. உதவியாளருக்கு மெமோ வந்தது. புது நோட்டீஸ் இன்னும் வரவில்லை, கோவில் இருக்கிறது. அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அன்றைய டைரியில் 'நோட்டீஸைத் தவறாக ஒட்டினார்' என்று எழுதியிருக்கிறேன். 'தவறாக' என்பது மட்டும் பென்சிலில் இருக்கிறது. அதன்மேல் பேனாவால் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.