செங்கோடன் வானத்தைப் பார்த்த படம்

போன வாரம் அஸ்தம்பட்டியில் வாங்கிய மஞ்சள்தூள் பாக்கெட்டை வெட்டிப் பிரித்தேன். மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தும் ஒரு வாசமும் இல்லை. நிறம் மட்டும் கண்ணைப் பறித்தது. மஞ்சள் என்றால் எனக்கு வேறு வாசம். மாசி மாதத்தில் களத்து ஓரமாக மஞ்சள் வேகும்போது ஓர் ஆவி எழும் பாருங்கள், ஈர மண்ணையும் இஞ்சியையும் சேர்த்துக் கொதிக்க வைத்த மாதிரி, அது தலைமுடியில் ஏறினால் இரண்டு முறை குளித்தாலும் போகாது. அந்த வாசத்துக்கு நடுவில் நின்றுதான் என் வாழ்க்கையின் முதல் பெரிய பொய்யைச் சொன்னேன். காமெராவை வைத்துக்கொண்டு சொன்ன பொய்.

அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் பத்திரிகைப் புகைப்படம் படித்துக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் காமெரா வந்த புதிது. எட்டுப் பேருக்கு ஒரு காமெரா, முறை வைத்துத் தருவார்கள். என் முறை வரும் வாரத்தில் நான் தரையில் நடக்க மாட்டேன். ஆட்டையாம்பட்டி பஸ்ஸில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் கண்டக்டர்கூட மரியாதையாகப் பேசுவார் என்று நினைத்திருந்தேன். "இந்தப் பொட்டிய எடுத்து மடில வெச்சுக்கம்மா, போறவங்க வாரவங்களுக்கு இடிக்குது" என்றார் அவர்.

படம் எடுப்பதில் எது சரி, எது தப்பு என்றும் ஒரு பாடம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பில் அதை வைத்திருந்தார்கள். தயிர்சாதம் சாப்பிட்ட கண்களுக்கு அந்த நேரத்தில் எது சரி, எது தப்பு? என் நோட்டில் ஒரே ஒரு விதி மட்டும் முழுசாக இருந்தது: படத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்டுப் பிழையில்லாமல் எழுத வேண்டும். அந்த ஒரு விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் வந்ததுதான் இவ்வளவு வினையும்.

அந்த மாசியில் எங்களுக்கு 'வறட்சி' என்று தலைப்புக் கொடுத்தார்கள். ராசிபுரம் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து நாமகிரிப்பேட்டையில் இறங்கினேன். இறங்கினால் எங்கே பார்த்தாலும் பச்சை. வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வறட்சியைத் தேடி இரண்டு மணி நேரம் நடந்த பிறகு, ஓர் ஏரியின் மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு வெடித்துக் கிடந்த கொஞ்சம் மண் கிடைத்தது. மண் கிடைத்துவிட்டது, அதில் நிற்க ஆள் வேண்டுமே.

பக்கத்து மஞ்சள் காட்டில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார் செங்கோடன். ஐம்பது வயது இருக்கும். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, எப்போது வேண்டுமானாலும் சிரிக்கத் தயாராக இருக்கும் முகம். பேப்பருக்குப் படம் என்றதும் அடுப்பை ஆள்களிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். எனக்கோ அந்த வெள்ளைச் சட்டை உறுத்தியது.

"ஏனுங்க ஐயா, கொஞ்சம் பழசா எதாச்சும் இருக்குங்களா?"

"பழசுன்னா மோட்டார் தொடைக்கற பனியன்தான் கெடக்குது. அதைப் போயி போடச் சொல்றியா சாமி?"

போடச் சொன்னேன். வெடித்த மண்ணில் குந்த வைத்தேன். நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்க்கச் சொன்னேன்.

"வானத்துல என்னத்தப் பாக்கறது?"

"மழை வருதான்னு பாருங்க."

"மாசி மாசத்துல மழை வந்தா களத்துல கெடக்கற மஞ்சளு கெட்டுப்போகுமே கண்ணு!" என்றவர் அந்த நினைப்பிலேயே உண்மையான கவலையோடு வானத்தைப் பார்த்தார். அந்த நொடியில் அமுக்கினேன். அற்புதமான படம். மழை வந்துவிடுமோ என்று பயந்த மனிதரை, மழை வராதா என்று ஏங்குகிறவராக ஆக்கிவிட்டேன். பெயரை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.

எங்கள் துறையிலிருந்து அந்தப் படம் ஓர் உள்ளூர் நாளிதழின் ஞாயிறு இணைப்புக்குப் போனது. அரைப் பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். அவர் கையில் ஏறியிருந்த மஞ்சள்கறையைக்கூடக் காய்ந்த சேறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கீழே, 'கிணறும் வற்றியது, வானமும் பொய்த்தது: நாமகிரிப்பேட்டை விவசாயி செங்கோடன்'. கிணறு வற்றியதாக நான் எழுதவில்லை. அது அவர்களாகச் சேர்த்தது. ஆனால் அந்தப் பனியனைப் பார்த்தால் யாருக்குத்தான் சேர்க்கத் தோன்றாது? வகுப்பில் கைதட்டினார்கள். ஒரு வாரம் கழுத்தில் காமெரா இல்லாமலே நிமிர்ந்து நடந்தேன்.

எட்டாம் நாள் செங்கோடன் கல்லூரிக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை, கையில் மடித்த பேப்பர். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"என்ற கெணத்துல தண்ணி தளும்பி நிக்குதுங்க. நீயே குடிச்சீல்ல சாமி?"

படம் எடுத்து முடித்த கையோடு அவர் கிணற்றில் வயிறு முட்டக் குடித்திருந்தேன்.

அவர் மகள் பூங்கொடிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடிக்கிற நேரமாம். மாப்பிள்ளை வீட்டார் பேப்பரைப் பார்த்துவிட்டார்கள். "காடு காஞ்சு கெடக்கறத மறைச்சுப்போட்டுத் தண்ணி நிக்குதுன்னு பொய் சொல்லீட்டீங்களேன்னு போன் பண்ணிக் கேக்கறாங்க. கல்யாணம் நிக்கட்டும், போவட்டும். என்னைய யாரும் பொய்யன்னு சொன்னதில்லீங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, மடித்த பேப்பரை மேலும் ஒரு மடிப்பு மடித்தார். பொய் சொன்னது நான். பட்டம் அவருக்கு. மதிய வகுப்பில் தூங்கித் தொலைத்த பாடம் முழுக்க அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு நடந்து முடிந்தது.

பேப்பரில் மறுப்புப் போட வைக்கலாம் என்று மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். கிணற்றைப் படம் எடுத்தேன், வாய்க்காலை எடுத்தேன், இந்த முறை அவரை வெள்ளைச் சட்டையிலேயே எடுத்தேன். கிளம்பும்போது களத்தில் மஞ்சளைக் கிளறிக்கொண்டிருந்த பூங்கொடி கூப்பிட்டாள். என் வயதுதான் அவளுக்கும். நன்றாகத் திட்டப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"மறுப்பு கிறுப்புன்னு ஒண்ணும் போட்ராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் மெதுவாக. "நான் பி.எட். படிக்கோணும். ஊட்டுல சொன்னாக் காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க. உங்க போட்டோதான் என்னையக் காப்பாத்துச்சு. அது பாட்டுக்குப் பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்."

நீங்களே சொல்லுங்கள், இதற்கு எந்த நோட்டில் விதி இருக்கிறது? என் பொய்யால் தகப்பனின் மானம் போகிறது, மகளுக்கு விடுதலை கிடைக்கிறது. திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, ராசிபுரம் வரைக்கும் ஒரு முடிவு, சேலம் வரைக்கும் இன்னொரு முடிவு என்று மாற்றி மாற்றி எடுத்தேன். மல்லூர் தாண்டும்போது, பேசாமல் காமெராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாறு படிக்கப் போய்விடலாமா என்றும் யோசித்தேன்.

கடைசியில் அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். நல்லவேளை, அவளே எடுத்தாள். "மறுப்புக் குடுக்கப் போறேங்க. உங்கப்பாவைப் பொய்யரா விட்டுட்டு என்னால இருக்க முடியாது. ஆனா அது வர ரெண்டு மூணு நாளாகும். அதுக்குள்ள நீங்க சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிப்போடுங்க" என்றேன். டொக்கென்று வைத்துவிட்டாள்.

நாளிதழில், படத்தை நானே ஜோடித்து எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மறுப்பு வரும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கப் பொய்க்கு நான்கு வரி மறுப்பு வந்தது. அதையும் ஒரு பம்புசெட் விளம்பரத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். கல்லூரியில் அந்த வருடம் முடிகிற வரைக்கும் என் கைக்குக் காமெரா வரவில்லை. வகுப்பில் என்னைப் 'பனியன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது இன்று வரை நிற்கவில்லை.

மறுப்பைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு திரும்ப வந்தார்களாம். அத்தனை பேருக்கும் முன்னால் பூங்கொடி எழுந்து நின்று, "பொய்யா போட்டோ எடுத்த புள்ளையே ஊருக்கு முன்னால ஒத்துக்கிச்சு. நெசத்தச் சொல்ல நான் எதுக்குப் பயப்படோணும்? நான் இன்னும் படிக்கோணுங்க" என்று சொல்லிவிட்டாள். தட்டு திரும்பிப் போனது. செங்கோடன் ஒரு மாதம் மகளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே சேலம் வந்து பி.எட். விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனார். போகிற வழியில் என்னையும் பார்த்து, "உன்ற படத்தால எத்தன கூத்து!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

மூன்று வருடம் கழித்து, டீச்சரான பூங்கொடிக்கு வேறொரு நல்ல இடத்தில் கல்யாணம். குடும்பப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் செங்கோடன் கையைக் காட்டிவிட்டார்: "நீ ஒண்ணுஞ் சொல்லாத சாமி. நாங்களா நிக்கறம். நீ எடு."

அவர் இப்போது இல்லை. நான் வெடித்த மண் தேடிய ஏரி மூலையில் வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அந்த ஞாயிறு இணைப்பும் என்றோ நின்றுவிட்டது. ஆனால் இதையெல்லாம்விடப் பெரிதாக ஒன்று போய்விட்டது என்று எனக்குப் போன ஐப்பசியில்தான் தெரிந்தது. மழை விட்ட ஒரு மாலையில் ஏற்காட்டு மலைக்கு மேலே இரட்டை வானவில். மொட்டை மாடியிலிருந்து எடுத்து, எதுவும் திருத்தாமல் எங்கள் அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் போட்டேன்.

"சூப்பருங்க. எந்த ஆப்பு?" என்று முதல் பதில். "ஏஐ நல்லாப் பண்ணுதுங்க" என்று அடுத்தது. "இல்லைங்க, நெசமாவே வந்திருக்கு, மாடிக்கு வந்து பாருங்க" என்று எழுதினேன். நான்கு பேர் சிரிக்கிற முகம் அனுப்பினார்கள். படிக்கட்டுப் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் ஏறி வரவில்லை. வானவில் மேலிருந்து ஒவ்வொரு நிறமாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தது.