நாற்பது மெகாஹெர்ட்ஸில் மங்கிய ஊதா

நோரெலி ஒஸ்பினா பல வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு மனிசாலெஸ் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். இப்போது அந்த ஊதா வெளிச்சத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்ணாடிக் குழாய்க்குள் கொஞ்சம் நைட்ரஜன் வாயுவை விட்டு, இரண்டு உலோகத் தகடுகள் வழியாக மின்சாரம் கொடுத்தால் ஊதாவாக ஒளிரும். பவரை அப்படியே வைத்து, மின்சாரம் திசை மாறும் வேகத்தை, அதாவது அதிர்வெண்ணை, மட்டும் கூட்டினால் தகடுகளில் வீணாகிற பங்கு குறையும், எலக்ட்ரான்களுக்கு அதிகம் கிடைக்கும், வெளிச்சம் ஏறும். பதின்மூன்று மெகாஹெர்ட்ஸிலிருந்து இருபத்தேழுக்குப் போனபோது அப்படித்தான் ஏறியது. நாற்பதில் பொசுக்கென்று மங்கிவிட்டது.

வாயு உருளையை மாற்றினாள். வெளிச்சம் வெளியே வரும் குழாயின் ஜன்னலைத் துடைத்தாள். வெளிச்சம் அளக்கும் கருவியைக் கழற்றி மாட்டினாள். ஒன்றும் அசையவில்லை.

"பவர் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் குறையுது?" என்றார் அவளுடைய வழிகாட்டி டாக்டர் எச்செவெரி, மூன்றாவது முறையாக.

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா டாக்டர்?"

வெளியே மழை நிற்கவே இல்லை. பக்கத்து மேஜைக்காரன் துவான், மின்சாரம் தரும் ஜெனரேட்டருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டையும் இசைவாக்க வைத்திருந்த இரும்புப் பெட்டிமேலிருந்து தன் அரேபாவை, சோள ரொட்டியை, எடுத்துக் கடித்தான்.

"அதை எதுக்குய்யா அங்க வைக்கிற? ஆராய்ச்சிக்கூடமா, அடுப்படியா இது?"

"கோபப்படாத தாயே. நீ நாற்பதுல ஓட்டினா நல்லா சூடாகுது. மத்த நாள்ல ஜில்லுனு கிடக்கும்."

நோரெலி பெட்டிமேல் கையை வைத்தாள். சுட்டது.

"இத்தனை நாளா தின்னுட்டு வாயத் திறக்கலையே, பாவி!"

"நீ கேக்கலையே!"

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒல்லிக் கம்பிச் சுருள் கருத்துப்போயிருந்தது. ஜெனரேட்டரிலிருந்து பவர் முழுசாகக் கிளம்பியது உண்மைதான். பாதி இந்தச் சுருளைச் சுடவைத்தே தீர்ந்திருக்கிறது. அதிர்வெண் ஏற ஏற மின்சாரம் கம்பியின் மேற்பரப்பில் மட்டுமே ஓடும்; ஒல்லிக் கம்பிக்கு அது பத்தவில்லை. தடித்த செம்புக் குழாயை வளைத்துப் புதுச் சுருள் போட்டாள். கண்ணாடிக் குழாய்க்குள் எவ்வளவு பவர் போகிறது என்று அங்கேயே அளந்து சரிசெய்தாள். நாற்பதில் ஊதா கண்ணைக் கூசவைத்தது.

எச்செவெரி வந்து பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

"அருமை. அப்போ பதின்மூணுலயும் இருபத்தேழுலயும் கொஞ்சமாவது வீணாயிருக்கும்ல? அங்க உள்ள எவ்வளவு போச்சுன்னு அளக்கவே இல்லையே. எல்லாத்தையும் திரும்ப எடுத்துடு."

நோரெலி அதிர்வெண்ணைப் பதின்மூன்றுக்குத் திருப்பினாள். அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.