பேரிங்குக்குள் ஒரு வாத்து

போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் செயினைத் துடைக்க உட்கார்ந்தேன். பழைய பனியனைக் கிழித்து ஐந்து துண்டாக்கி, வேலை முடிந்ததும் ஐந்தும் இருக்கிறதா என்று எண்ணினேன். "ஏனுங்க, இந்த அழுக்குத் துணியக்கூட எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருவானுங்களா?" என்று சிரித்தாள் மனைவி. ஒருவன் எடுத்துப் போனான். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது பொங்கலூர்ப் பக்கம் ஒரு கல் கிரஷரில் நான் ஃபிட்டர். இரண்டு இரும்புத் தாடைகள் பாறையைக் கடித்து ஜல்லியாக்கும். அவற்றுக்குக் கிரீஸ் வைப்பதும், தேய்ந்த தகட்டை மாற்றுவதும் என் வேலை. ஊரே பனியன் கம்பெனிக்குப் போய்ச் சுத்தமாகத் திரும்ப, நான் மட்டும் கோலமாவு மூட்டை மாதிரி வீடு வருவேன். ஆனால் பனியன் கம்பெனி எங்களையும் விடவில்லை. கை துடைக்கும் வேஸ்ட் துணி மூட்டை அங்கிருந்துதான் வரும். அவிழ்த்தால் குப்பென்று புதுத்துணி வாசனை. பாதிக் கை, முக்கால் கழுத்து, கப்பலேற முடியாமல் போன குழந்தைச் சட்டைகள். வெள்ளைக்காரக் குழந்தைக்குத் தைத்ததில் கை துடைக்கிறோம் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

எங்கள் வெல்டர் இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், என் வயதுதான். அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

முதலாளிக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அந்த மாதம் ஒரு பேரிங் கருகிப் போயிருந்தது. "இன்னொரு பேரிங் போச்சுன்னா ரெண்டு பேருமே ஊட்டுக்குப் போயிருங்க கண்ணு" என்றார். 'ங்க'வும் 'கண்ணு'வும் சேர்ந்து வந்தால் விளையாட்டில்லை.

அடுத்த வாரமே பேரிங்கைத் திறந்து, பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிது வைத்தோம். மூடி போட்டு போல்ட்டெல்லாம் முறுக்கியாயிற்று. வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. சுவிட்சைப் போடுமுன் துணியை எண்ணினேன். கொண்டுபோனது ஐந்து, இருந்தது நான்கு. கடைசியாகத் துடைக்கச் சுத்தமாக எடுத்து வைத்திருந்த துணியைக் காணோம். அது உள்ளே மாட்டியிருந்தால் பேரிங்கும் போச்சு, வேலையும் போச்சு.

மறுபடி எல்லா போல்ட்டையும் கழற்றினோம். இசக்கி முழங்கை வரை கிரீஸுக்குள் விட்டுத் துழாவினான்.

"என்ன துணி வே அது?"

"மஞ்சக் கலருங்க. வாத்துப் படம் போட்டது."

இசக்கி கையை மெதுவாக வெளியே எடுத்தான். "அதையா வே தேடுதீரு? அது எம் பையிலல்லா இருக்கு!"

ஒரு கை மட்டும் இல்லாத குழந்தைச் சட்டை அது. பிறக்கப்போகிற பிள்ளைக்காம். நான் திட்ட வாயெடுப்பதற்குள் கீழேயிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"ஏனுங்க, லாரியெல்லாம் நிக்குது, மூடியத் தொறந்து வெச்சுட்டு வெளையாடறீங்களாங்க?"

"உள்ளாற துணி மாட்டிக்கிச்சுங்க!" என்றேன். பொய் எப்படி அவ்வளவு சரளமாக வந்ததோ.

"எங்க, காட்டுங்க" என்று படியேறத் தொடங்கினார்.

இசக்கி பக்கத்தில் மாட்டியிருந்த பையிலிருந்து சட்டையை எடுத்தான். ஒரு தடவை விரித்துப் பார்த்தான். அப்புறம் வழித்துப் போட்ட கிரீஸில் அதை அமுக்கிப் புரட்டி எடுத்தான்.

"நல்லவேள, தொறந்து பாத்தீங்க கண்ணு" என்று முதலாளி டீயும் போண்டாவும் வரவழைத்தார். நான் நேர்மையானவன் என்று பெயரெடுத்தது அன்றைக்குத்தான். போண்டாவும் நன்றாகவே இருந்தது. இசக்கி அதைத் தொடவில்லை. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. மறுநாள் மூட்டையையே கொட்டித் தேடினேன். காலர்களாக வந்தன, ஒரு வாத்துகூட இல்லை.

அவன் அந்தச் சட்டையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, மூன்று நாள் துவைத்தான். வாத்து காக்காயாகிவிட்டது. பெண் பிறந்ததும் அதைத்தான் முதலில் போட்டுவிட்டான். பார்க்கப் போனபோது தொட்டிலில் கிரீஸ் வாசனை அடித்தது. "அப்பன் வாசம் பழகட்டும்வே" என்றான்.

இப்போது அந்தக் கிரஷர் இல்லை. கல் வெட்டிய குழியில் மழைத் தண்ணீர் நிற்கிறது. புது மிசின்களில் கிரீஸ் தானே போய்ச் சேர்ந்துகொள்கிறதாம். வேஸ்ட் துணியையும் நிறம் பிரித்து அரைத்து, மறுபடி நூலாக்கிவிடுகிறார்கள். ஊருக்குப் போன இசக்கியின் போன் நம்பர் என்றோ மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எண்ணியபோது ஐந்து துணியும் சரியாக இருந்தன. ஒன்று குறைந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.