கண்ணாடிப் பெட்டிக்குள் நடராசர்

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி. புதுச்சேரியில் ஆபரேஷன், மாலை நான்கு மணிக்கு. உள்ளே போகுமுன் நெற்றியில் சாமி திருநீறு வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். கற்பூரம் வாங்கிக்கொண்டு நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. சாமி நடையைச் சாத்திக்கொண்டு ஓய்வெடுக்கப் போய்விட்டார். ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பாராம். அவருக்கென்ன அவசரம், அவர் வீட்டிலா ஆபரேஷன்?

நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த ஆட்டோக்காரர், "மியூசியம் தொறந்திருக்குங்க. உள்ள நூறு சாமி இருக்கு, ஏறுங்க" என்றார்.

நூறு சாமி என்றதும் ஏறிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். டிக்கெட் கொடுப்பவரிடம் மனைவியின் பெயர், நட்சத்திரம் சொன்னேன்.

"அதெல்லாம் வேணாங்க. பெரியவங்களா சின்னவங்களா, அது தெரிஞ்சா போதும்."

முதல் அறையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலிகள். யாரும் உட்கார்ந்துவிடாதபடி சுற்றிலும் கயிறு. அடுத்த அறையில் சாமிகளெல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். நல்ல ஏற்பாடு. நாற்காலிக்கு ஓய்வு, சாமிக்கு டூட்டி.

நடராசர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். எண்ணெய் இல்லை, பூ இல்லை, விளக்கு இல்லை. காலடியில் ஓர் அட்டை: எந்த ஊர், எத்தனை வயது. என் மனைவியின் கட்டிலிலும் அப்படித்தான் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் பெயரைச் சொல்லி வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். பிறகு கற்பூரத்தை எடுத்தேன்.

காவலாளி ஓடி வந்தார். "ஐயா, ஐயா! இன்னா பண்றீங்க? கொளுத்துனா என் வேலை போயிடும்."

"சாமிக்குத்தாம்பா ஏத்தறேன்."

"இங்க இது சாமி இல்லீங்க, செலை."

"அப்புறம் நீ ஏன் நெத்தி நெறைய பூசிக்கினு வந்திருக்க?"

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார்.

"காலையில கதவு தொறந்ததும் இவரு முன்னால காட்டிட்டுத்தான் பூசிக்குவேன். ஆபீசுல சொல்லிடாதீங்க."

என் டிக்கெட்டிலேயே கொஞ்சம் மடித்துக் கொடுத்தார். வெளியே வந்தால் செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மட்டும் கோயிலைவிட இந்த இடம் மேல்.

மூன்றரைக்கு அவள் நெற்றியில் பூசிவிட்டேன்.

"சாமிகிட்ட நல்லா சொன்னீங்களா?"

"சொன்னேன். கண்ணாடிக்குள்ள இருந்தாரு. காதுல வுழுந்துதோ என்னமோ."

"நீங்க பேசுனா பக்கத்து ஊருக்கே கேக்கும். வுழுந்திருக்கும்" என்று சிரித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் படுத்தாள்.

ஐந்தரைக்கு டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். கோயில் சாமி அப்போதுதான் எழுந்து சோம்பல் முறித்திருப்பார்.