விட்டு விட்டு அடிக்கும் சிலிண்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. உக்குவளையில் என் கராஜில் ஸ்பேனர் பறப்பது சாதாரணம். தகரத்திலும் சுவரிலும் அதன் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. தொழில் தெரிந்தவனுக்குக் கொஞ்சம் காரம் இருக்கத்தான் செய்யும் என்று வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். சிரிக்காதவன் என் மனைவியின் தம்பி ஒருவன்தான். பல்லேபொலவிலிருந்து வந்து ஆறு வருஷம் என்னோடு வேலை செய்தான். ஓடுகிற என்ஜினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, எந்த வால்வு, எந்தச் சங்கிலி என்று காதாலேயே பழுதைச் சொல்லிவிடுவான். எனக்கு அதில் பொறாமை இருந்தது.

சனியன் பிடித்த அந்த மோட்டார் சைக்கிள் மாத்தளை டவுனில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் நானாவுடையது. எந்தக் காலத்திலோ தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன இரட்டைச் சிலிண்டர் வண்டி. முதலில் ஆயில் மாற்றத்தான் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் வியாதி தொடங்கியது. கராஜில் ஸ்டார்ட் செய்தால் தங்கமாக ஓடும். ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஏறினால் ஒரு சிலிண்டர் அடிக்காது. கொஞ்ச தூரத்தில் தானாகவே மறுபடி அடிக்கும். இரண்டு தடவை கொண்டுவந்தார். பிளக் மாற்றினேன், காபரேட்டரைக் கழுவினேன். பிளக்குக்குப் போகும் கரண்டை வெட்டி வெட்டி விடும் பாயிண்டின் இடைவெளியை மச்சினன் சரிபார்த்தான். மூன்றாம் தடவை வண்டி லொறியில் வந்து இறங்கியது. வளைவில் செத்துக்கிடந்த சிலிண்டர் திடீரென்று உயிர் வந்து இழுத்திருக்கிறது. நானா கல்லில் விழுந்ததில் அவர் முழங்கை எலும்பு தெரியக் கிழிந்திருந்தது.

"ஒங்கள நம்பித்தானே நான் ஏறின," என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நான்கு பேர் நின்று பார்த்தார்கள்.

அவர் போன அடுத்த நிமிஷம் மச்சினன் மேல் பாய்ந்தேன்.

"பாயிண்ட்ட நீதானேடா வச்ச?"

"அது சரியாத்தான் இருக்கு மச்சான், நான்..."

முடிக்க விடவில்லை. வலது கையை முழு வீச்சில் வீசினேன். இடது காதோடு சேர்த்து அறை விழுந்தது. அவன் சுழன்றுபோய்ப் பெஞ்சில் முடுக்கியிருந்த இரும்பு வைஸில் முகம் மோதி விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. எழுந்தவனை மறுபடி அறைந்தேன், அதே பக்கம்.

வீடு கராஜுக்குப் பின்னால்தான். மனைவி ஓடிவந்தாள். தம்பியின் வாயைத் துவாயால் அழுத்திக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பழுது எங்கேன்னு கண்டுபிடிங்க. இவன் கை வச்ச எடத்துல இருந்தா நானே இவன வீட்டுக்கு அனுப்புறேன். இல்லேன்னா நானும் இவனோட போறேன். நாளைக்குப் பகல் வரைக்கும்தான் பார்ப்பேன்."

மறுநாள் காலையிலேயே வண்டியைப் பிய்த்துப் போட்டேன். பாயிண்ட் இடைவெளி மயிரளவும் மாறவில்லை. அதைப் பார்த்ததும் ஆத்திரம்தான் கூடியது. அவன் மேல் தப்பு இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டே தேடினேன். திரும்பப் பூட்டி ஓட்டினால் இரண்டு சிலிண்டரும் அழகாக அடித்தன. என்ஜினை ஓங்கி உதைத்ததில் கால் விரல் வீங்கியதுதான் மிச்சம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பொய்யில்லை. வலியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: மேடு இங்கேயும் இருக்கிறது, இங்கே இல்லாதது ரிவர்ஸ்டன் மூடுபனி. ஈரம்.

செடிக்குத் தண்ணீர் விசிறும் போத்தலை எடுத்து, ஓடுகிற என்ஜினின் வயர்கள் மேல் விசிறினேன். சீட்டுக்குக் கீழே விசிறியதும் என்ஜின் நொண்டியது. கரண்ட் எங்கோ வெளியே பாய்கிறது. அந்தப் பொறியைக் கண்ணால் பார்க்க இருட்டு வேண்டும். வெளியே பத்து மணி வெயில். அம்மா கொழுந்தெடுக்கப் போகையில் மழைக்குப் போர்த்திய கறுப்புக் கம்பளி கராஜில் கிடந்தது. அதை வண்டி மேல் போட்டுத் தலையை உள்ளே நுழைத்துவிடலாம். ஆனால் எக்ஸிலேட்டரை முறுக்க இன்னொரு ஆள் வேண்டும்.

மச்சினன் உடுப்புப் பையோடு வாசலில் நின்றான். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவனே பையை வைத்துவிட்டு வந்து ஹேண்டிலைப் பிடித்தான்.

கம்பளிக்குள் மூச்சு முட்டியது. அவன் முறுக்க முறுக்க நான் விசிறினேன். வலது சிலிண்டருக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலின் ஓரத்தில் நீலப் பொறி ஒன்று தெறித்து, பக்கத்து இரும்பில் பாய்ந்தது. உற்றுப் பார்த்தேன். மெல்லிய வெடிப்பு. வெடிப்பு தொடங்கும் இடத்தில் ஒரு நசுங்கல், ஸ்பேனர் முனையின் அளவில்.

ஆயில் மாற்றிய அன்று அவன் எதிர்த்துப் பேசினான் என்று ஸ்பேனரை வீசியிருந்தேன். அவன் குனிந்துவிட்டான், அது வண்டியில் பட்டது.

தலையை வெளியே எடுத்தேன். "ஏண்டா சொல்லல?"

"அன்னைக்கே சொன்னேன் மச்சான், காயில்ல பட்டிருச்சுன்னு. அதுக்கும் அடிச்சீங்க. பொறகு நான் வாயே தொறக்கல."

அடித்தது எனக்கு நினைவுகூட இல்லை. அத்தனை அடித்திருக்கிறேன்.

மனைவி வந்து நின்றாள். "எங்க இருந்துச்சு?"

"வயர் லூஸ் அக்கா," என்றான் அவன் முந்திக்கொண்டு. "யார் மேலயும் தப்பில்ல." சொல்லும்போது அவன் கண் என் வலது கையை விட்டு நகரவில்லை. பாசத்தில் வந்த பொய்யாக இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பயத்தில் வந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. காயிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"நான் எறிஞ்ச ஸ்பேனர்," என்றேன்.

பகல் பஸ்ஸில் இருவரும் பல்லேபொலவுக்குப் போனார்கள். அவள் ஐந்து மாதம் கழித்து வந்தாள். அவன் வரவில்லை, அங்கேயே சின்னதாக ஒரு கராஜ் போட்டுவிட்டான். நானாவின் வண்டியும் இப்போது அங்கேதான் போகிறது.

போன மாதம் போயிருந்தேன். "வாங்க மச்சான்" என்று டீ வாங்கிக் கொடுத்தான். நானாவின் வண்டி அங்கே நின்றிருந்தது. ஸ்டார்ட் செய்துவிட்டு, பழையபடி கண்ணை மூடிக்கொண்டு, வலது காதைக் கொடுத்துக் கேட்டான். பிறகு வண்டியைச் சுற்றி நடந்துபோய் மறுபக்கம் நின்று, அதே வலது காதைத் திருப்பி மற்றச் சிலிண்டரைக் கேட்டான்.