ஈசிஜியில் ஒட்டிய சிவப்பு அம்பு

1. நடுவில் ஒருவன்

பிசிஷியன் அசிஸ்டெண்ட் படித்துவிட்டு, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நல்லூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்தேன். டாக்டர் பார்ப்பதற்கு முன் நோயாளியை விசாரிப்பது, ஈசிஜி எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது என் வேலை. முடிவு டாக்டருடையது. வெள்ளைக் கோட்டோடு கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளத் தோன்றியது.

முதல் நோயாளி கேட்டார்: "ஏனுங்க, நீங்க டாக்டருங்களா, கம்பவுண்டருங்களா?"

"ரெண்டுக்கும் நடுவுலீங்க."

"அப்ப பீஸு பாதி குடுத்தாப் போதுங்களா?"

2. சம்பளம் கேட்டவர்

ஒரு காலையில் குமாரசாமி வந்தார். பெருமாநல்லூரில் டீ-ஷர்ட் யூனிட் வைத்திருப்பவர். நெஞ்சில் கேஸ் என்று சோடா குடித்துப் பார்த்திருக்கிறார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஈசிஜி எடுத்தேன். மாரடைப்பு.

டாக்டருக்குப் போன் செய்தேன். "ஆஸ்பிரின் குடு, ஆம்புலன்ஸ் சொல்லு. இதோ வந்துட்டேன். ஆளை எந்திரிக்க விடாதே" என்றார்.

மாத்திரையை விழுங்கிய குமாரசாமி செருப்பைத் தேடினார். "கண்டெய்னர் இன்னைக்குப் போகோணுங்க. ஏத்தி உட்டுட்டு வந்தர்றேன்."

"அண்ணா, இது மாரடைப்புங்க. வண்டியை எடுத்தா உசுருக்கே ஆபத்து."

மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குச் சம்பளம் எவ்வளவுங்க?"

எங்கள் ஊரில் இது பெயர் கேட்பது மாதிரிதான். சொன்னேன்.

"எங்க ஓவர்லாக் டெய்லரு ஓவர்டைம் பார்த்தா இதைத் தாண்டிருவாருங்க. பெரிய டாக்டர் சொல்லட்டும், நம்பறேன்." எழுந்துவிட்டார்.

அவர் முழங்கையில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் செக்கிங்கில் அதைக் காட்ட ஒட்டுவது. பிய்த்து எடுத்தேன்.

"இதை ஒட்டறது யாருங்க?"

"செக்கிங் புள்ளைங்க."

"அவங்களுக்குச் சம்பளம்?"

"உங்களைவிடக் கம்மிதானுங்க."

அந்த அவசரத்திலும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"அவங்க அம்பு ஒட்டுன துணிப் பீஸை அப்படியே பெட்டியில போடுவீங்களா?"

"அதெப்படிங்க? வாங்கற பையர் மொத்த லாட்டையே திருப்பிருவானே!"

ஈசிஜியில் கோடு தூக்கி நின்ற இடத்தில் அந்த அம்பை ஒட்டினேன். "நானும் செக்கிங்தானுங்க. பெரிய டாக்டர் பாக்கற வரைக்கும் இந்தப் பீஸு வெளிய போகாது."

அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கட்டிலில் சாய்ந்தார். "மேனேஜருக்குப் போன் போடுங்க. லோடை அவரே பாக்கட்டும்."

டாக்டர் வந்து பார்த்து, கோயம்புத்தூருக்கு அனுப்பினார். குமாரசாமி பிழைத்துக்கொண்டார்.

தேறி வந்தவர் எனக்கு ஒரு டீ-ஷர்ட் கொடுத்தார். "செக்கிங் சூப்பர்வைசரா வர்றீங்களா? இங்க குடுக்கறதைவிடச் சேர்த்தித் தர்றேன்."

அதை டாக்டர் காதில் விழும்படி நாலு பேரிடம் சொன்னேன். அடுத்த மாதமே சம்பளம் கொஞ்சம் ஏறியது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, நோயாளி உங்கள் சம்பளத்தைக் கேட்பார். கூச்சப்படாமல் சொல்லுங்கள். சொல்லும்போது வாசலை மறித்துக்கொண்டு நில்லுங்கள்.